இரண்டாம் எண் யாருக்கு?

இலங்கையின் ஒன்பதாவது சனாதிபதித் தேர்தல் 2024 செப்டெம்பர் 21ஆம் திகதி, சனிக்கிழமை நடைபெற்றது. 1 கோடியே 71 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்காளர் இடாப்பில் பதிவாகியிருந்தனர். அதற்கு முன் சில வாரங்களாக நாட்டில் வேறு பேச்சிருக்கவில்லை. தெற்கிலே ஊழலும் பொருளாதாரமும், மலையகத்திலே நாட்சம்பளம், வடக்கு கிழக்கிலே தமிழர் வாக்கு எப்பக்கம் செல்வது என்ற வழக்கு. யாழ்ப்பாணத்துச் சலூன்களில் கதிரையில் அமர்ந்தவரின் தலை பாதி வெட்டிய நிலையில் இருக்க, கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுக் கடைக்காரர் கேட்பார்: "சங்குக்கோ, போனுக்கோ?" அமர்ந்தவர் வாய் திறக்குமுன், வாங்கிலே முறை காத்திருப்பவர் குறுக்கிடுவார்: "ஒண்டுக்கும் போடாதேங்கோ."

இவ்வாறு மக்கள் வாதிட்டதை நாம் உளமார வரவேற்கிறோம். தேர்தலைப் பற்றித் தன் மனத்தில் உள்ளதை அயலவனிடம் உரத்துச் சொல்ல அஞ்சிய காலம் இம்மண்ணில் நீண்டது. அந்த அச்சம் நீங்கிச் சங்கென்றும் தொலைபேசியென்றும் திசைகாட்டியென்றும் சிலிண்டரென்றும் வேட்பாளரின் சின்னங்களைச் சொல்லி மனிதர் வெளிப்படையாக வழக்காடியது சிறிய பேறன்று. ஆயினும் இவ்வாதங்களைச் செவிமடுத்தபோது ஒரு குறை உறுத்தியது. சட்டம் வாக்காளருக்கு மூன்று எண்களைத் தந்திருக்கிறது. விவாதமோ முதல் எண்ணோடு முடிந்துவிட்டது.

வாக்குச்சீட்டையே எடுத்துக்கொள்வோம். 2024இல் அதன் நீளம் 27 அங்குலம். 39 வேட்பாளர்களின் வேட்புமனுக்கள் ஏற்கப்பட்டன. அவர்களுள் ஒருவர் தேர்தலுக்கு முந்திய மாதம் காலமாகிவிட்டார். அவர் பெயரும் சீட்டில் நீங்காமல் இருந்தது. அரசியற் கட்சியின் வேட்பாளருக்குக் கட்டுப்பணம் 50,000 ரூபாய், சுயேச்சை வேட்பாளருக்கு 75,000 ரூபாய் என்று 1981ஆம் ஆண்டின் சட்டம் வகுத்த தொகை 2024 தேர்தலிலும் மாறவில்லை. நாற்பதாண்டுப் பணவீக்கத்துக்குப் பின் அத்தொகை எவரையும் தயங்கச் செய்வதில்லை. பெரிய வேட்பாளர்களுக்கு வானொலி, தொலைக்காட்சி நேரத்தையும் வாக்கெண்ணும் நிலையத்தில் முகவர்களையும் பெற்றுக்கொடுப்பதற்காகவே நிறுத்தப்படும் பெயர்கள் இப்பட்டியலில் உண்டு என்ற குற்றச்சாட்டு ஒவ்வொரு தேர்தலிலும் எழுந்து அடங்குகிறது. அஃது ஒருபுறம் இருக்கட்டும். அத்தனை பெயர்களுக்கும் எதிரே உள்ள கட்டங்களில் வாக்காளர் எழுதக்கூடியது 1, 2, 3 என்னும் எண்களே.

இவ்வெண்களின் பயன் யாதெனில், செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் எவரும் பெறாவிடின், முதலிரு இடங்களைப் பெற்றோர் தவிர ஏனைய அனைவரும் போட்டியிலிருந்து நீக்கப்படுவர். நீக்கப்பட்டோருக்கு 1 என்று எழுதிய சீட்டுகள் மீண்டும் மேசைக்கு வரும். அவற்றில் 2 என்ற எண் எஞ்சிய இருவருள் ஒருவருக்கு இடப்பட்டிருந்தால் அவ்வாக்கு அவரைச் சேரும். அந்த 2 நீக்கப்பட்ட வேறொருவருக்குச் சென்றிருந்தால் 3 பார்க்கப்படும். இரண்டும் இல்லாத சீட்டு அவ்விடத்தில் கணக்கிலிருந்து விழுந்துவிடும். அதனை எழுதியவர் நாட்டின் அடுத்த சனாதிபதி யார் என்ற இறுதி முடிவில் பங்கற்றவராவார். முதலிருவருள் ஒருவருக்கே 1 என்று எழுதியவருடைய 2 எண்ணப்படுவதில்லை. அவருக்கு அது வேண்டியதுமில்லை. ஆகவே இரண்டாம் விருப்பு என்பது வெல்ல வாய்ப்பில்லாத வேட்பாளரை மனமார விரும்பும் குடிமகனுக்காகவே ஆக்கப்பட்ட ஏற்பாடு. வடக்கு கிழக்கில் 2024இல் அத்தகையோர் எத்துணைப் பேர் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

2024க்கு முன் நடந்த எட்டுத் தேர்தல்களில் ஒருமுறையேனும் இரண்டாம் எண்ணிக்கை தேவைப்பட்டதில்லை. அதனாலேயே மக்கள் அதனை மறந்தனர். கட்சிகளும் மறக்க விட்டன. ஆனால் அத்தேவை வாசல்வரை வந்து திரும்பியது இருமுறை. 1988இல் ரணசிங்க பிரேமதாச பெற்றது 50.43 விழுக்காடு, பாதியைத் தாண்டி அவருக்கு இருந்தவை 22 ஆயிரத்துக்கும் குறைந்த வாக்குகள். 2005இல் மகிந்த இராசபக்ச பெற்றது 50.29 விழுக்காடு, பாதிக்கு மேல் 29 ஆயிரத்துக்கும் குறைவு. ஏறத்தாழ 97 இலட்சம் வாக்குகள் எண்ணப்பட்ட தேர்தலில் அந்த வேறுபாடு ஒரு சிறு நகரின் வாக்குத் தொகை. அன்று அது சற்றுக் குறைந்திருப்பின், சிறு வேட்பாளர்களுக்கு வாக்களித்தோரின் இரண்டாம் எண்ணே நாட்டின் போக்கைத் தீர்த்திருக்கும்.

2024இல் அந்நிலை வருவதற்கான வாய்ப்பு முன்னெப்போதையும்விட மிகுதியாக இருந்தது. 2019இல் 3 விழுக்காட்டைச் சற்றே தாண்டிய அநுர குமார திசாநாயக்க திசைகாட்டிச் சின்னத்தில் முன்னணிப் போட்டியாளராகப் பேசப்பட்டார். அத்தேர்தலில் இரண்டாம் இடம் பெற்ற சஜித் பிரேமதாச தொலைபேசிச் சின்னத்தில் மீண்டும் களத்தில் நின்றார். 2020 பொதுத் தேர்தலில் ஒரேயொரு தேசியப்பட்டியல் ஆசனத்தைப் பெற்ற கட்சியின் தலைவர் இரணில் விக்கிரமசிங்க, 2022 யூலை 20இல் நாடாளுமன்றத்தின் 134 வாக்குகளால் சனாதிபதியானவர். அவர் சுயேச்சையாகச் சிலிண்டர் சின்னத்தில் மக்களிடம் ஆணை கேட்டார். நாமல் இராசபக்ச தம் குடும்பத்தின் வாக்கு வங்கியில் எஞ்சியதைத் திரட்ட முயன்றார். இருமுனைப் போட்டிக்குப் பழகிய நாடு இவ்வாறு பலகூறாகப் பிரிந்தபின், முதற் சுற்றிலேயே ஒருவர் பாதியைத் தாண்டுவார் என்று உறுதி கூறினோர் தம் விருப்பத்தையே கணக்காகக் கூறினர்.

இந்நிலையில் தமிழ் வாக்காளரிடையே நடந்த வழக்கைப் பார்ப்போம். மூன்று தரப்புகள் இருந்தன. குடிமக்கள் அமைப்புகளும் சில தமிழ்க் கட்சிகளும் சேர்ந்து மட்டக்களப்பின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் பா. அரியநேத்திரனைத் தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நிறுத்தின. இலங்கைத் தமிழரசுக் கட்சியின் மத்திய குழு செப்டெம்பர் முதலாம் திகதி வவுனியாவில் கூடிச் சஜித் பிரேமதாசவை ஆதரிக்கத் தீர்மானித்தது. அக்கட்சிக்குள்ளேயே சிவஞானம் சிறீதரன் போன்றோர் சங்குக்காக மேடை ஏறினர். கஜேந்திரகுமார் பொன்னம்பலம் தலைமையிலான தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னது.

பொது வேட்பாளரை முன்வைப்போரின் வாதத்தில் வலுவுண்டு. 2010இல் போரை நடத்திய தளபதிக்கே வாக்களிக்குமாறு தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு தமிழரைக் கேட்டது. 2015இல் மைத்திரிபால சிறிசேனவுக்கு, 2019இல் சஜித்துக்கு என்று கேட்டது. ஒவ்வொரு முறையும் மக்கள் கேட்டபடியே செய்தனர், 2019இல் யாழ். மாவட்டம் 80 விழுக்காட்டுக்கு மேல் சஜித்துக்கு அளித்தது. 2015இன் பயனாகச் சில காணிகள் விடுவிக்கப்பட்டன. அரசியல் நிர்ணய சபை கூடி இடைக்கால அறிக்கையும் வந்தது. 2018 ஒக்டோபரில் சனாதிபதி பிரதமரை நீக்கியதால் எழுந்த குழப்பத்தோடு அனைத்தும் நின்றன. 2019இன் பயன் தெரிந்ததே. வென்ற கோட்டாபய இராசபக்ச ருவன்வெலிசாயவில் பதவியேற்றபோது, சிங்கள மக்களின் வாக்குகளால் மட்டுமே வெல்ல முடியும் என்று தாம் அறிந்திருந்ததாக உரைத்தார். இத்தனைக்கும் பின், எம் வேட்கையை எம் பெயராலேயே எண்ணிக் காட்டுவோம் என்று ஒருவர் சொன்னால் அதனை உணர்ச்சி வேகம் என்று ஒதுக்குவது நேர்மையன்று.

மறுதரப்பின் வினாவும் எளிதில் தள்ளத்தக்கதன்று. 1982இல் குமார் பொன்னம்பலம் போட்டியிட்டு 1 இலட்சத்து 73 ஆயிரம் வாக்குகளைப் பெற்றார், யாழ். மாவட்டத்தில் முதலிடத்தில் நின்றார். பின்னர் 2010இலும் 2019இலும் எம். கே. சிவாஜிலிங்கம் நின்றார், அவர் பின்னே மக்கள் திரளவில்லை. 2024இலும் எண்ணிக்கை குறைந்தால் அதனையே காட்டித் தமிழருக்குத் தனிக் கோரிக்கை ஏதுமில்லை என்று கொழும்பிலே வாதிடுவர் என்றனர். கூடினாலும் மறுநாள் அந்த வாக்குகளோடு யார் யாரிடம் செல்வது என்று எழுதப்பட்ட திட்டத்தை நாம் காணவில்லை.

ஆனால் நாம் சொல்ல வந்தது வேறு. சங்கா, தொலைபேசியா என்று கத்தரிக்கோலை நிறுத்திக் கேட்ட வினாவே பிழையாக அமைந்தது. சங்குக்கு 1 என்று எழுதுபவர் தொலைபேசிக்கோ திசைகாட்டிக்கோ சிலிண்டருக்கோ 2 என்று எழுதலாம். அதனால் அவருடைய 1 அணுவளவும் குறையாது. மாவட்டந்தோறும் வெளியிடப்படும் முடிவில் அது சங்கின் கணக்கிலேயே நிற்கும். இரண்டாம் எண்ணிக்கை வந்தால் மட்டுமே 2 உயிர் பெறும். தன் இனத்தின் கோரிக்கையைப் பதிவு செய்வதும், கொழும்பில் யார் ஆளக்கூடாது என்று தீர்ப்பதும் ஒரே சீட்டில் இயலும். இதனைச் சட்டம் 1981இலேயே அனுமதித்திருக்க, இருசாராரும் மக்களை ஒன்றையே தேரவேண்டிய இக்கட்டில் நிறுத்தியது ஏன்? இரண்டாம் விருப்பைப் பற்றி மேடையில் பேசினால் முதல் விருப்பின் தோல்வியை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று கட்சிகள் அஞ்சின போலும். அவ்வச்சம் கட்சிகளுடையது, அதனை வாக்காளர் சுமக்க வேண்டியதில்லை.

தென்னிலங்கை வேட்பாளர் எவருக்கும் எந்த எண்ணையும் இட எம் மனம் ஒப்பவில்லை என்பார் உளர். அவர்கள் 2ஐ வெறுமையாக விடலாம், சட்டம் வற்புறுத்துவதில்லை. அதனையும் அறிந்து செய்யட்டும். அறியாமல் விடுவதற்கும் அறிந்து விடுவதற்கும் இடையே மிகுந்த தொலைவுண்டு.

புறக்கணிப்பைப் பற்றி நம் கருத்தை மறைக்க விரும்பவில்லை. அதனைக் கோருவோரின் கொள்கை உறுதியை நாம் மதிக்கிறோம். ஆனால் புறக்கணிப்பு எண்ணப்படுவதில்லை. கொள்கைக்காக வீட்டில் இருந்தவரையும், வெளிநாடு சென்றும் பெயர் நீக்கப்படாதவரையும், கூலி வேலையை விட்டு வர இயலாதவரையும் இடாப்பு வேறுபடுத்திக் காட்டாது. 2005இல் ஏறத்தாழ 7 இலட்சம் வாக்காளர்கள் பதிவாகியிருந்த யாழ். மாவட்டத்தில் வாக்களித்தோர் 1.21 விழுக்காடு. நாடு முழுவதிலும் வெற்றியின் வேறுபாடு 1 இலட்சத்து 80 ஆயிரம். அன்று வன்னியிலிருந்து விடுதலைப் புலிகள் இட்ட புறக்கணிப்புக் கட்டளைக்கு மக்கள் பணிந்தனர். இன்று கட்டளையிடுவோர் இல்லை, கேட்போர் மட்டுமே உள்ளனர். அது முக்கியமான வேறுபாடு. எனினும் அந்த வெறுமையான வாக்குப்பெட்டிகளின் பின் நான்காண்டுகளில் நிகழ்ந்தவற்றை அறிந்தவர் எவரும் மீண்டும் அதே வழியை இலேசாகப் பரிந்துரைக்க இயலாது என்பதே எம் துணிபு.

இனி, வேட்பாளரை ஒப்பிடும் முறையைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். இவர் நல்லவர், அவர் எளிமையானவர், மற்றவர் அனுபவசாலி என்று மனிதரின் குணத்தைப் பேசுகிறோம். தேர்தல் மனிதருக்கு நடந்தாலும் கையளிக்கப்படுவது ஒரு பேனா. அந்தப் பேனா எதை எழுதக்கூடும் என்று பார்ப்போம். 2000ஆம் ஆண்டு திசம்பரில் மிருசுவிலில் தமிழர் எண்மர் கொல்லப்பட்டனர். பதினைந்து ஆண்டுகள் கழித்து இராணுவத்தைச் சேர்ந்த சுனில் இரத்நாயக்கவுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 2020 மார்ச்சில், நோய்த்தொற்றால் நாடு முடங்கியிருந்த வேளையில், சனாதிபதி கோட்டாபய இராசபக்ச ஒரு கையெழுத்தால் அவருக்கு மன்னிப்பு அளித்தார். மைத்திரிபால சிறிசேன தம் பதவியின் இறுதி நாள்களில் றோயல் பார்க் கொலைக் குற்றவாளிக்கு அளித்த மன்னிப்பு சட்டத்துக்கு முரணானது என்று 2024 யூன் மாதம் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னையதில் இறந்தோர் தமிழர். பின்னையதில் பாதிக்கப்பட்ட குடும்பம் தமிழரல்ல. பேனா இருசாராரையும் ஒன்றாகவே நடத்தியது.

அதே பேனாதான் மாகாண ஆளுநரை நியமிக்கிறது. வடமாகாண சபையின் ஆயுட்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அன்று தொட்டுத் தேர்தல் இல்லை. கொழும்பு அனுப்பும் ஆளுநரே மாகாணத்தை ஆள்கிறார். மாகாண சபைகளை ஆக்கிய 1987இன் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தை முழுமையாக நடைமுறைப்படுத்துவேன் என்றார் சஜித். பொலிஸ் அதிகாரம் நீங்கலாக என்று 2023இல் தமிழ்க் கட்சிகளிடம் சொன்னவர் இரணில். 2015இல் தொடங்கிய பணியைத் தொடர்ந்து புதிய அரசியலமைப்பை ஆக்குவோம் என்றது அநுரவின் அணி. வடக்கு கிழக்கு இணைப்பைப் பிரிக்க 2006இல் உயர் நீதிமன்றம் சென்றதும் அவரது மக்கள் விடுதலை முன்னணியே. நாமல் காணி, பொலிஸ் அதிகாரங்களைத் தரமாட்டேன் என்று வெளிப்படையாகவே சொன்னார்; ஒளிக்காத அளவில் அது பாராட்டத்தக்கது. வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவரிடம் சலூன் வாங்கில் இருப்பவர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மாகாண சபைத் தேர்தல் எத்தனையாம் திகதி?

திகதி கேட்பது எவ்வகையிலும் அற்பமன்று. உள்ளூராட்சித் தேர்தல் 2023 மார்ச்சில் நடந்திருக்க வேண்டும். பணமில்லை என்று தள்ளப்பட்டது. அத்தேர்தலை நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று 2024 ஓகஸ்ட்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிதியமைச்சராகவும் இருந்த சனாதிபதியே 2024 தேர்தலில் வேட்பாளர். தெற்கின் விவாதங்களில் இத்தீர்ப்பு இரண்டு நாள் பேசப்பட்டு மறைந்தமை வியப்பளிக்கிறது.

நிறைவேற்று அதிகாரச் சனாதிபதி முறையையே ஒழிப்போம் என்ற உறுதிமொழியும் 2024 தேர்தல் விஞ்ஞாபனங்களில் இருந்தது. 1994இல் சந்திரிகா குமாரதுங்க ஓராண்டுக்குள் ஒழிப்பதாகச் சொல்லி 62 விழுக்காடு பெற்றார். 1999இல் அதே பதவிக்கு மீண்டும் போட்டியிட்டார். 2005இல் மகிந்த சொன்னார். 2010இல் 18ஆம் திருத்தத்தால் இருதவணை வரம்பையே நீக்கினார். மைத்திரிபால 19ஆம் திருத்தத்தால் அதிகாரத்தைக் குறைத்தார். கோட்டாபய 20ஆம் திருத்தத்தால் அதனைப் பெருக்கினார். இந்த வரலாற்றைத் தெரிந்த வாக்காளர் இனி அந்த வரிக்கு மதிப்பெண் இடுமுன் சிந்திப்பாராக.

மலையகத்தின் நிலை தனித்து நோக்கத்தக்கது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் வாக்கிழந்து, அதனை முழுமையாக மீளப் பெற அரை நூற்றாண்டுக்கு மேல் போராடிய மக்கள் அவர்கள். இலங்கைத் தொழிலாளர் காங்கிரசு இரணிலையும், தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித்தையும் ஆதரித்தன. நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று 2024 மே மாதம் வர்த்தமானியில் வந்தது. தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. தொழிற்சங்கத்தின் சந்தா அட்டையும் வாக்கும் ஒன்றென்று எண்ணிய காலம் அங்கே மங்கியது; இளையோர் திசைகாட்டியைப் பற்றி லயங்களில் வெளிப்படையாகப் பேசினர். சங்கம் ஒருவரைச் சொல்ல மகனோ மகளோ வேறொருவரை விரும்பும் வீட்டில், 1ஐயும் 2ஐயும் பற்றி அமர்ந்து பேசுவது சண்டைக்குச் சிறந்த மாற்று.

முசுலிம் வாக்காளரிடமும் கட்சித் தலைமைகள் சொல்வதற்கு அப்பால் நினைவுகள் உண்டு. 2020இல் நோய்த்தொற்றால் இறந்த தம்மவரின் உடல்களை எரியூட்டக் கட்டாயப்படுத்திய அரசின் பெயர்கள் எவ்வெவ் அணிகளில் 2024இல் சிதறியிருந்தன என்பதை அவர்கள் நன்கறிவர். அதனை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் அனைவருக்கும் பொதுவாகச் சொல்லவேண்டும். ஒரு வாக்காளருக்கு 109 ரூபாய் என்று கணக்கிட்டு, ஒவ்வொரு வேட்பாளரும் செலவிடக்கூடிய தொகைக்கு 2024இல்தான் முதன்முதலாக எல்லை வகுக்கப்பட்டது. மொத்தம் ஏறத்தாழ 187 கோடி ரூபாய். அத்துணைப் பணமும் வாக்காளரின் முதல் எண்ணைக் குறிவைத்தே செலவானது. இரண்டாம் எண்ணை யாரும் விலை பேசவில்லை. அது இன்னும் வாக்காளரின் சொந்த அறிவுக்கே விடப்பட்டிருக்கிறது.

ஆகவே அடுத்த சனாதிபதித் தேர்தல் வரும்போது வீட்டிலும் கடையிலும் வாதிடுவோரை நாம் வேண்டுவது இதுவே. உங்கள் 1 யாருக்கு என்பதை உங்கள் மனச்சாட்சி தீர்க்கட்டும். அதன்பின் அயலவரிடம் கேளுங்கள்: உங்கள் 2 யாருக்கு, ஏன்? முதியோருக்கு மாதிரிச் சீட்டொன்றில் எழுதிக் காட்டுங்கள். எண்களை எழுதுவதாயின் எண்களையே எழுதுக. புள்ளடியையும் எண்ணையும் கலந்து சீட்டைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே எண்ணை இருவருக்கு இட வேண்டாம். 1 இல்லாமல் 2 மட்டும் எழுத வேண்டாம். 2024இல் வாக்களிப்பு நிலையங்கள் காலை 7 மணிக்குத் திறந்து மாலை 4 மணிக்கு மூடப்பட்டன. முந்திய தேர்தலைவிட ஒரு மணிநேரம் முன்னதாக. அடையாள அட்டையோடு நேரத்துக்குச் செல்லுங்கள்.